பள்ளி கொடுத்த க்ரோம்புக்: வீட்டில் யார் சொல் எடுபடும்?

"என்னடா பண்ற?"

"ஹோம்வொர்க்மா."

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து ஜெர்சி சிட்டியில் நியூபோர்ட், ஜர்னல் ஸ்கொயர் பக்கத்து அடுக்குமாடிகளில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த உரையாடல் மனப்பாடம். பையன் சொல்வதில் பாதி நிஜம். ஒரு டேபில் சமூக அறிவியல் கட்டுரை திறந்திருக்கும், அடுத்த டேபில் யூடியூப் ஓடும். அம்மா எட்டிப் பார்ப்பதற்குள் விரல் இரண்டு பட்டனைத் தட்டும், திரை மாறிவிடும்.

டிவி மட்டும் இருந்த காலத்தில் அணைத்துவிட்டால் போதும். இப்போது பாடமும் விளையாட்டும் ஒரே பெட்டிக்குள். கொரோனா பரவியபோது, 2020 மார்ச் 18 முதல் நியூ ஜெர்சி பள்ளிகள் அனைத்தையும் மூட அப்போதைய ஆளுநர் பில் மர்ஃபி உத்தரவிட்டார். பாடம் கணினிக்குள் போனது. பள்ளிகள் திறந்த பிறகும் ஆன்லைன் வீட்டுப்பாடம் போகவில்லை. அதனால் 'பிடுங்கிப் பரண்மேல் வை' என்பது செல்லாது. எந்தக் கணினியில் யாருக்கு அதிகாரம் என்று பிரித்துப் பார்த்தால்தான் பெற்றோர் எங்கே கைவைக்கலாம் என்பது புரியும்.

பள்ளியின் கணினி

பள்ளி தரும் க்ரோம்புக் மடிக்கணினி பள்ளிக்குச் சொந்தம். அதில் மாணவர் நுழையும் கணக்கையும் கல்வி மாவட்டமே நிர்வகிக்கிறது. கூகுளின் பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியான ஃபேமிலி லிங்க்கை அந்தக் கணக்கில் பெற்றோர் பொருத்த முடியாது.

பள்ளிதான் தடுப்பான் போட்டிருக்கிறதே என்று கேட்கலாம். அமெரிக்காவில் 2000-ல் வந்த குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டப்படி, மத்திய அரசின் இணையக் கட்டணச் சலுகை பெறும் பள்ளிகள் ஆபாசப் படங்களைத் தடுத்தாக வேண்டும். கவனம் சிதறுவதைப் பற்றி அந்தச் சட்டத்துக்குக் கவலை இல்லை. வகுப்புக்கே யூடியூப் தேவைப்படுவதால் பல பள்ளிகள் அதைத் திறந்தே வைக்கின்றன.

பெற்றோர் கவனிக்காமல் விடும் ஒரு காகிதம் உண்டு. அதன் பின்னணி இது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவின் லோயர் மெரியன் கல்வி மாவட்டம், மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினியின் கேமரா வழியே வீட்டுக்குள் இருந்த மாணவரைப் படமெடுத்ததாக 2010-ல் வழக்கு வந்தது. மாவட்டம் 6,10,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அதற்குப் பிறகு நியூ ஜெர்சி 2013-ல் ஒரு சட்டம் இயற்றியது. பள்ளி கொடுக்கும் கருவி மாணவரின் பயன்பாட்டைப் பதிவு செய்யக்கூடும் என்றால் அதை எழுத்தில் தெரிவித்து, அந்த அறிவிப்பு கிடைத்தது என்று பெற்றோரிடம் ஒப்புகை பெற வேண்டும். பள்ளி நிர்வாகம் தவறினால் அதற்கு, மாணவர் ஒருவருக்கு ஒவ்வொரு முறையும் 250 டாலர் வரை அபராதம். செப்டம்பரில் வரும் படிவக் கட்டில் இந்த அறிவிப்பும் இருக்கும்; கையெழுத்துப் போடுமுன் படித்துவிடுங்கள்.

கூடவே பள்ளியிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். தடுப்பான் வீட்டு இணையத்திலும் வேலை செய்கிறதா? மாலையில் எந்தெந்தத் தளங்கள் திறந்திருக்கும்? பெற்றோருக்கான செயலி உண்டா? கோகார்டியன், செக்யூர்லி போன்ற நிறுவனங்களிடம் அப்படிப்பட்ட செயலிகள் இருக்கின்றன. ஆனால் பள்ளி அனுமதித்தால்தான் அவை நம் போனில் வேலை செய்யும்.

சொந்தக் கணினி

இங்கே முழு அதிகாரமும் நம்முடையது. விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி, ஆப்பிளில் ஸ்கிரீன் டைம், ஆண்ட்ராய்டில் ஃபேமிலி லிங்க். மூன்றிலும் நேர வரம்பு வைக்கலாம், செயலிகளைத் தடுக்கலாம். ஆனால் பல வீடுகளில் பிள்ளை அப்பாவின் கணக்கிலேயே நுழைகிறது. அப்புறம் எந்த வரம்பும் பலிக்காது. பிள்ளைக்குத் தனிக் கணக்கு, அதுவும் அட்மின் உரிமை இல்லாத கணக்கு. முதல் வேலை இதுதான்.

வைஃபை

பெரும்பாலான ரூட்டர்களின் செயலியில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக இணையத்தை நிறுத்தலாம். பள்ளி க்ரோம்புக்கும் இதற்கு அடங்கும். ஆனால் வைஃபையை நிறுத்தினால் யூடியூபோடு சேர்ந்து கூகுள் கிளாஸ்ரூமும் நின்றுவிடும். ஆகவே இது தூக்க நேரத்துக்கு ஏற்ற பூட்டு, படிப்பு நேரத்துக்கு உதவாது. போனில் ஹாட்ஸ்பாட் போடத் தெரிந்த பிள்ளைக்கு இது பூட்டே அல்ல.

பூட்டில் சிக்காதது

சாட் செயலிகளைத் தடுத்தால் பிள்ளைகள் கூகுள் டாக்ஸில் ஒரு கோப்பைத் திறந்து, நண்பர்களைச் சேர்த்து, அதிலேயே அரட்டை அடிக்கிறார்கள். பார்ப்பவர் கண்ணுக்குக் கட்டுரை எழுதுவது போலவே இருக்கும்.

அதே டாக்ஸில் பெற்றோருக்கும் ஒரு வசதி இருக்கிறது. ஃபைல் மெனுவில் 'வெர்ஷன் ஹிஸ்டரி'யைத் திறந்தால் எந்த வரி எத்தனை மணிக்கு எழுதப்பட்டது என்று தெரியும். ஏழு மணிக்கு ஒரு பத்தி, எட்டே முக்காலுக்கு அடுத்த பத்தி என்றிருந்தால் நடுவில் என்ன நடந்தது என்று விசாரிக்கலாம். உளவு பார்ப்பதாக இல்லாமல், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சேர்ந்து பார்ப்பது நல்லது. இரண்டு மணி நேரத்தில் எழுதியது பத்து வரிதான் என்பது அவர்களுக்கே பல சமயம் அதிர்ச்சியாக இருக்கும்.

கவனம் சிதறுவது பிள்ளைகளின் குறை மட்டும் இல்லை. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்துப் பேராசிரியர் குளோரியா மார்க், பெரியவர்கள் கணினியில் வேலை செய்வதை ஆண்டுக்கணக்கில் அளந்தவர். 2004-ல் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்ற கவனம், பின்னாளில் 47 வினாடிக்கு இறங்கிவிட்டது என்கிறார்.

அறையும் நேரமும்

ஒரு படுக்கையறை வீடு. இரவில் சென்னை டீமோடு அப்பாவுக்கு கால். சத்தம் வேண்டாமென்று பிள்ளையைக் கணினியோடு உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்துகிறோம். கைவிட்டுப் போவது அங்கேதான். மாற்றிச் செய்யுங்கள்: கால் உள்ளே, ஹோம்வொர்க் சாப்பாட்டு மேசையில், திரை ஹாலைப் பார்த்தபடி. கணக்கு, வாசிப்பு போன்ற காகித வேலை முதலில், கணினி பிறகு. வீட்டில் இடமே இல்லையென்றால் நகரப் பொது நூலகத்தின் கிளைகள் இருக்கின்றன.

எவ்வளவு நேரம் பார்க்கலாம்? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016-ல் சொன்னது: 2 முதல் 5 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரம். ஆறு வயதுக்கு மேல் எல்லோருக்கும் பொதுவான கணக்கு இல்லை; தூக்கம், உடற்பயிற்சி இரண்டையும் திரை தின்றுவிடாதபடி வீடே வரம்பு வைக்க வேண்டும்.

அந்த வரம்பை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியிடம் "இது ஸ்கூல் வேலை பாட்டி" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒன்பது மணிக்கு எல்லாக் கருவிகளும் ஹாலில் சார்ஜுக்கு என்றால் அப்பாவின் போனும் அதில் சேரும்; அது சேராத வீட்டில் விதி ஒரு வாரம் தாங்காது. இத்தனைக்குப் பிறகும் தூக்கம் கெட்டு, மதிப்பெண் சரிந்து, கணினியை மூடச் சொன்னாலே பிள்ளை வெடிக்கிறது என்றால், இன்னொரு செயலியைத் தேட வேண்டாம். பள்ளி கவுன்சிலரிடமும் குழந்தை மருத்துவரிடமும் பேசுங்கள்.