‘வண்டல்’னா வெறும் சேறுதானா? மேட்டூர் அணைக்கு அடியில் தூங்கும் ஒரு பழைய தமிழ்ச் சொல்!

ஆடி மாசம் காவிரியில் புதுத்தண்ணி வரும்போது கவனிச்சிருக்கீங்களா? தண்ணி தெளிவா இருக்காது, செம்பழுப்பா கலங்கி ஓடும். ஒரு சொம்புல பிடிச்சு அசையாம வெச்சுப் பாருங்க. கொஞ்ச நேரத்துல அடியில மாவு மாதிரி ஒரு படிவு தங்கும். அதுதான் வண்டல்!

நீர் அடித்துக்கொண்டு வந்து படியவைக்கும் மண், அடியில் தங்கும் கசடு... இந்த இரண்டு அர்த்தமும் ‘வண்டல்’ என்ற சொல்லுக்கு உண்டு. ஆனா, சங்க இலக்கியத்தில் இதுக்கு இன்னொரு அழகான அர்த்தமும் இருக்கு. ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் பெண் பிள்ளைகள் மணலில் பாவை செய்து விளையாடுவதற்குப் பெயரே ‘வண்டல்’தான். அந்தப் பாவை ‘வண்டற்பாவை’. தெலுங்கில் இதே மண்ணை ‘ஒண்ட்ரு மட்டி’ என்கிறார்கள். அதாவது, நம்ம சொல்லுக்குப் பக்கத்து வீட்டிலேயே ஒரு சொந்தக்காரர் இருக்கார்!

மண் அறிவியலில் வண்டலுக்கு அளவே உண்டு. மணலைவிட நுண்ணியது, களியைவிடப் பெரியது. ஒரு துகள் சுமார் 0.002 முதல் 0.05 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். வேகமா ஓடும் தண்ணி இதைத் தூக்கிட்டு வரும். வேகம் குறைஞ்சதும் கீழே போட்டுடும்.

சிக்கல் ஆரம்பிக்கிறதும் இங்கேதான். 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஓடி வரும் காவிரி அங்கே வந்து நின்னுடுது. அதனால, முன்பு வெள்ளத்தோடு தஞ்சை வரை போய் வயலில் படிந்த வண்டலில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே தங்கிடுது. இழப்பு ரெண்டு பக்கமும்தான். அணையில் தண்ணி நிற்க இடம் குறையுது, கீழே இருக்கும் வயலுக்கு இயற்கை உரம் குறையுது.

அணை கட்டி 83 வருஷம் கழிச்சு, 2017-ல்தான் மேட்டூரில் தூர்வாரும் பணி தொடங்கியது. அந்த மண்ணை விவசாயிகள் இலவசமா எடுத்துக்கவும் அனுமதி கிடைச்சது. மேல்மண் அரிச்சுப்போன மானாவாரி காட்டுக்கு வண்டல் அடிச்சா, ஈரம் கூடுதல் நாள் நிக்கும், சத்தும் சேரும். இப்பவும் ஏரி, குளங்களில் வண்டல் எடுக்க விவசாயிகளும் மண்பாண்டம் செய்பவர்களும் அனுமதி வாங்கலாம். அனுமதி இல்லாம அள்ளினா அது மண் திருட்டு!

உங்க தோட்டத்துக்கு ‘வண்டல்’னு சொல்லி யாராவது ஒரு லோடு மண் இறக்கினா, உடனே நம்பிடாதீங்க. ஒரு கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு மண், மீதி தண்ணி ஊத்தி நல்லா குலுக்கி வைங்க. மணல் ஒரு நிமிஷத்துல அடியில உட்கார்ந்துடும். அதுக்கு மேல வண்டல் படிய சில மணி நேரம் ஆகும். களி ஒரு நாள் ஆனாலும் தண்ணியைக் கலங்கலாவே வெச்சிருக்கும். நடு அடுக்கு நல்ல தடிமனா இருந்தா, தாராளமா வாங்குங்க!