1965: மொழிப்போரும் செங்கல்பட்டு மாவட்டமும்

1965 ஜனவரி 26 முதல் இந்தி ஒன்றே இந்திய ஆட்சிமொழி ஆகிவிடும் என்ற அச்சம் எழுந்தபோது மதராஸ் மாநிலம் கொதித்தது. செய்யூரையும் காஞ்சிபுரத்தையும் உள்ளடக்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த மூவர் அந்தப் புயலின் நடுவில் நின்றார்கள்.

காஞ்சிபுரத்து அண்ணா அந்த நாளைத் துக்க நாளாக அறிவித்தார். நசரத்பேட்டையில் பிறந்த முதலமைச்சர் பக்தவத்சலம் போராட்டத்தைக் காவல்துறையைக் கொண்டு ஒடுக்கினார். கோடம்பாக்கம் சிவலிங்கமும் விருகம்பாக்கம் அரங்கநாதனும் தீக்குளித்து மாண்டனர். சிதம்பரத்தில் துப்பாக்கிச் சூட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் உயிரிழந்தார்.

அந்த மூவரில் மூன்றாமவர் ஓ. வி. அழகேசன், செங்கல்பட்டுத் தொகுதி மக்களவை உறுப்பினர், மத்திய அமைச்சர், காங்கிரஸ்காரர். பிப்ரவரி 11 அன்று சக மத்திய அமைச்சர் சி. சுப்பிரமணியத்துடன் சேர்ந்து பதவி விலகல் கடிதம் கொடுத்தார். தெருவில் இறங்கிய மாணவர்களை நினைக்கிறோம். ஆளுங்கட்சிக்குள் இருந்துகொண்டே நாற்காலியைத் துறக்க முன்வந்த துணிவையும் நாம் நினைக்க வேண்டும். அன்றிரவே பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி, ஆங்கிலம் தொடரும் என்ற நேருவின் வாக்குறுதியை உறுதிசெய்தார். கடிதங்கள் பின்னர் திரும்பப் பெறப்பட்டன.

1967 தேர்தலில் இதே மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூரில் பக்தவத்சலம் தோற்றார். மார்ச் 6 அன்று அண்ணா முதலமைச்சரானார். ஆங்கிலத்தின் தொடர்ச்சியைச் சட்டமாக்கிய ஆட்சிமொழித் திருத்தத்தை நாடாளுமன்றம் அந்த ஆண்டின் இறுதியில் நிறைவேற்றியது.