அந்தப் பன்னிரண்டு பேர்



கிரேக்கப் புராணம் என்றதும், "அதெல்லாம் நமக்கெதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு பெரிய வீடு, அதில் ஒரு எஜமானி, அவளுக்குக் கீழே வேலைக்காரப் பெண்கள். நான் சொல்ல வந்த கதை இவ்வளவுதான்.

டிராய் போருக்குப் போன ஒடிசியஸ் வீடு திரும்ப 20 வருடம் ஆகிறது. போர் 10 வருடம், வரும் வழியில் அலைந்தது 10 வருடம். இத்தாக்கா தீவில் மனைவி பெனலபி மகனை வளர்த்துக்கொண்டு காத்திருக்கிறாள். "உன் புருஷன் செத்திருப்பான், எங்களில் ஒருத்தனைக் கட்டிக்கோ" என்று 108 பேர் வந்து, வீட்டு ஆடு மாடுகளை அடித்துத் தின்று தீர்க்கிறார்கள். மாமனாரின் ஈமச்சடங்குக்குத் துணி நெய்து முடித்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்கிறாள் பெனலபி. பகலில் நெய்வாள், இரவில் பிரிப்பாள். இப்படியே 3 வருடம் ஓட்டிவிட்டாள்! பொறுமைக்கும் கற்புக்கும் இன்றுவரை அவளைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

ஒடிசியஸ் திரும்பி வந்து அத்தனை பேரையும் கொல்கிறான். சுபம் என்று நினைப்போம். ஆனால் ஹோமரின் காவியம் அதோடு நிற்கவில்லை. அந்த வீட்டில் அடிமைப் பெண்கள் 50 பேர். அதில் 12 பேர், வந்த ஆண்களோடு பழகித் துரோகம் செய்தார்கள் என்று வயதான தாதி யூரிக்ளியா அடையாளம் காட்டுகிறாள். அவர்களைக் கொண்டே பிணங்களைத் தூக்கி வெளியே போடச் செய்கிறார்கள். நாற்காலி, மேஜைகளைத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்கிறார்கள். கூடம் சுத்தமானதும் மகன் டெலிமாக்கஸ் 12 பேரையும் கப்பல் கயிற்றில் தூக்கிலிடுகிறான். சாவதற்கு முன்பும் வீட்டு வேலையை முடித்துவிட்டுத்தான் சாக வேண்டியிருக்கிறது, பாருங்கள்!

இதில் ஒரு வேடிக்கை. என் வீட்டு அடிமைப் பெண்களைப் பலவந்தப்படுத்தினீர்களே என்று அந்த ஆண்கள் மீது முதலில் குற்றம் சாட்டுபவனே ஒடிசியஸ்தான். பலவந்தம் என்று தெரிந்த பிறகும் தண்டனை பெண்களுக்கும் உண்டாம். இது என்ன நியாயம்?

இதே கேள்வியைக் கேட்டவர் கனடா நாட்டு எழுத்தாளர் மார்கரெட் அட்வுட். 2005ல் அவர் எழுதிய 'தி பெனலபியாட்' நாவலில், செத்துப்போன பெனலபி பாதாள உலகத்திலிருந்து தன் கதையைச் சொல்கிறாள். நடுநடுவே அந்த 12 பெண்களும் கூட்டாகப் பாடிப் பாடி நியாயம் கேட்கிறார்கள். அட்வுட் கதையில், இரவில் துணியைப் பிரிக்க உதவியதே அவர்கள்தான். வந்தவர்களிடம் நெருங்கிப் பழகி உளவு சொல்லச் சொன்னவளும் பெனலபியேதான். அந்த ரகசியத்தைத் தாதியிடம் அவள் சொல்லவில்லை. அதனால்தான் தாதி அவர்களைத் துரோகிகள் என்று காட்டிக்கொடுத்தாள். செய்தி தெரிந்த பிறகும், கணவன் தன்மேல் சந்தேகப்பட்டுவிடுவானோ என்று பெனலபி வாயைத் திறக்கவில்லை.

என்னைத் தூங்கவிடாமல் செய்த இடம் இதுதான். பெண்ணின் கஷ்டத்தைப் பெண் எழுதினால், ஆண்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அட்வுட் அப்படிச் செய்யவில்லை. தன் நல்ல பெயரைக் காப்பாற்றிக்கொள்ள, தனக்காக உழைத்தவளைக் கைவிடுகிற எஜமானியையும் கூண்டில் ஏற்றுகிறார். நம் வீடுகளில் ஒரு பொருள் காணாமல் போனால் முதல் சந்தேகம் யார் மேல் விழுகிறது? யோசித்துப் பாருங்கள்.

இங்கிலாந்தின் பாட் பார்க்கர் 2018ல் எழுதிய 'தி சைலன்ஸ் ஆஃப் தி கேர்ள்ஸ்' நாவலும் இந்த வகைதான். அக்கிலிஸ் என்ற மாவீரன், பிரைசிஸ் என்பவளின் கணவனையும் சகோதரர்களையும் கொன்று, அவளையே பரிசாகப் பெறுகிறான். அவளுக்காக இரண்டு தலைவர்கள் சண்டை போடுவதில்தான் 'இலியட்' தொடங்குகிறது. ஆனால் அவ்வளவு பெரிய காவியத்தில் அவள் வாய் திறந்து பேசுவது ஒரே ஓர் இடத்தில். பார்க்கரின் நாவலிலோ பெரும்பாலும் அவள்தான் கதை சொல்கிறாள்.

"பழைய காவியத்தில் கை வைக்கலாமா?" என்று சிலர் கோபப்படுவார்கள். கி.மு. 415லேயே யூரிபிடிஸ் என்ற கிரேக்க நாடகாசிரியர், தோற்றுப்போன டிராய் நகரத்துப் பெண்களை மேடையேற்றி அழவும் பேசவும் வைத்திருக்கிறார். கிரேக்கர்களே செய்த காரியம்தானே இது! அந்தத் தூக்குக்கயிறும் நாவலாசிரியர் கட்டிய கதையல்ல. அது ஹோமரிலேயே இருக்கிறது.

கல்லூரிக்குப் போகும் பெண் வீட்டில் இருந்தால் நூலகத்திலிருந்து 'பெனலபியாட்' எடுத்துவரச் சொல்லுங்கள். சின்னப் புத்தகம்தான். படித்துவிட்டு, பெனலபி வாய் திறந்திருக்க வேண்டுமா, அவள் நிலைமையில் அது முடியுமா என்று எழுதுங்களேன். என்னைக் கேட்டால், முடிந்திருக்கும் என்றுதான் சொல்வேன்.

அன்புடன்,
ஒரு வாசகி