உஷார்! ‘கடைசி பீஸ்’ என்று சொல்லி உங்களைக் குறிவைக்கிறார்கள்

டிசி ஹீரோக்களின் ஆக்‌ஷன் ஃபிகர் சேர்ப்பவரா நீங்கள்? அப்படியானால் பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இதைப் படியுங்கள். 2020 முதல் மெக்ஃபார்லேன் டாய்ஸ் கையில் இருந்த உரிமம் 2026 நடுவில் மறுபடி மேட்டலுக்குப் போகிறது. ஏழு அங்குல உயரத்தில் அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்த அந்த வரிசை அதோடு நிற்கிறது. ஆசையாகச் சேர்த்தவருக்கு இது வலிக்கும். அந்த வலியைத்தான் சிலர் காசாக்கப் பார்க்கிறார்கள்.

ஒரு வரிசை இப்படி நின்றுபோவது முன்பும் நடந்தது. 2008-இல் மேட்டல் கொண்டுவந்த டிசி யுனிவர்ஸ் கிளாசிக்ஸை இன்றும் மறக்க முடியாது. ஃபோர் ஹார்ஸ்மென் சிற்பக்கூடம் செதுக்கிய ஆறு அங்குல உருவங்கள் அவை. மெட்டமார்ஃபோவில் தொடங்கி, ஒவ்வொரு வேவிலும் (வெளியீட்டுத் தொகுதியிலும்) பெட்டிக்கு ஓர் உறுப்பாகக் கொடுத்து, எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு பெரிய உருவம் எழும்படி வைத்தார்கள். பன்னிரண்டாம் வேவில் டார்க்ஸைட். இருபதாவது வேவோடு கடை வரிசை முடிந்தது. ஒரு கால் மட்டும் கிடைக்காமல் நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். அந்தத் தவிப்பை வைத்துத்தான் இன்றுவரை வியாபாரம் நடக்கிறது. ‘டார்க்ஸைட், அருமையான நிலை’ என்று போட்டிருப்பார்கள். படம் இடுப்புக்கு மேலேதான் இருக்கும். எல்லா உறுப்புகளையும் பிரித்துப் பரப்பி, முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

பெட்டி பிரிக்காதது என்றாலும் நம்பிவிடாதீர்கள். புதியதை வாங்கி, உள்ளே பழைய உடைசலை வைத்து, கடைக்கே திருப்பிக் கொடுக்கிற திருட்டு அமெரிக்கக் கடைகளில் சர்வசாதாரணம். அந்தப் பெட்டி மறுபடி விற்பனைக்கு வந்து யார் தலையிலோ விழும். மூடியின் மடிப்பு நலுங்கியிருக்கிறதா, ஒட்டிய இடத்தில் காகிதத்தோல் உரிந்திருக்கிறதா, உருவத்தைத் தட்டோடு கட்டிய கட்டு அவிழ்த்துக் கட்டியதுபோல் இருக்கிறதா, மெக்ஃபார்லேன் பெட்டியானால் வட்ட ஸ்டாண்டும் படக்கார்டும் உள்ளே இருக்கின்றனவா என்று பாருங்கள். போலி உருவமா என்று சந்தேகம் வந்தால் முகத்தை உற்றுப் பாருங்கள். கண்ணில் வண்ணம் கோட்டைத் தாண்டி வழியும், மூட்டில் பிசிறு இருக்கும்.

இன்னொன்று, இதில் பலர் ஏமாறுகிறார்கள். உரிமம் முடியும்போது எல்லாமே அரிதாகிவிடாது. மெக்ஃபார்லேன் வெளியிட்ட பேட்மேன்களை எண்ணி முடியாது. கையிருப்பைத் தள்ளிவிடக் கடைகள் விலையைக் குறைக்கவும் கூடும். அவற்றுக்கே மூன்று மடங்கு விலை சொல்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். எப்போதாவது ஒருமுறை மட்டும் வந்துபோன துணைக் கதாபாத்திரங்களுக்குக் காசை ஒதுக்குங்கள். அவை மறுபடி வருமா என்பதுதான் கேள்வி. மெக்ஃபார்லேனின் அரிய பிளாட்டினம் பதிப்பு என்று சொன்னால் உடனே மயங்காதீர்கள். அதே அச்சில் வண்ணம் மாற்றியவையும் அவற்றில் உண்டு. உங்களுக்கு அந்த வண்ணம் பிடித்திருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

டிசி யுனிவர்ஸ் கிளாசிக்ஸின் பழைய சீல் பெட்டி கைக்கு வந்ததும் ஆர்வத்தில் கையைக் காலைத் திருகிவிடாதீர்கள்! பல வருஷம் அசையாமல் கிடந்த மூட்டில் வண்ணம் பசைபோல் ஒட்டியிருக்கும். கணுக்காலைப் பலமாகத் திருப்பினால் உள்ளே இருக்கும் மெல்லிய பின் முறிந்துவிடும். மாற்றுப் பாகம் கேட்க அந்த வரிசையே இப்போது இல்லை. மூட்டைச் சில நிமிடம் வெந்நீரில் வைத்து, பிளாஸ்டிக் இளகியபின் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள்.

முன்பதிவு செய்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வரிசை முடியும் நேரத்தில் அறிவித்தது எல்லாம் வந்துசேரும் என்று உறுதியில்லை. முழுப்பணத்தையும் முன்கூட்டியே கேட்கிற, முகவரி தெரியாத கடைக்கு ஒரு பைசாகூட அனுப்பாதீர்கள். பணம் திரும்ப வாங்க வழியுள்ள முறையில் மட்டும் செலுத்துங்கள். பார்சல் வந்ததும் வெளி டேப்பை வெட்டுவதிலிருந்து உருவம் வெளியே வரும்வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள்.