விடத்தல்தீவின் கண்டல்கள்

மன்னார் விடத்தல்தீவு 2016ஆம் ஆண்டில் இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. கண்டற் காடுகளும் கடற்புற் படுகைகளும் உவர்ச் சதுப்புகளும் நிறைந்த பகுதி அது. அதிலிருந்து 168 ஹெக்டேயரை நீருயிரின வளர்ப்புக்கென விடுவிக்கும் வர்த்தமானி அறிவித்தல் 2024 மே மாதத்தில் வெளியானது. சிறு துண்டுதானே என்று கேட்போர் உளர். இறாற் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் கண்டல் வேர்களினிடையே ஒதுங்கி வளர்ந்த பின்னரே கடலை நாடுகின்றன என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வேர்கள் அகற்றப்படின் இழப்பு தமிழ், முஸ்லிம் மீனவர் இரு சாராரின் வலைகளிலுமே தெரியவரும்.

புத்தளத்தில் இதனை நாம் ஏற்கெனவே கண்டோம். கண்டலை வெட்டித் தோண்டிய இறால் பண்ணைகள் பல வெண்புள்ளி நோயினால் நொடித்துப்போயின. கைவிடப்பட்ட பண்ணைக் குளங்கள் உவர் நிலமாகவே எஞ்சின. மீண்டும் நட்டுக்கொள்ளலாம் என்பதும் இலகுவானதன்று. 2004 ஆழிப்பேரலையின் பின்னர் நம் நாட்டுக் கரையோரங்களில் நடப்பட்ட கண்டற் கன்றுகளிற் பெரும்பாலானவை பிழைக்கவில்லை.