கிருமியே இல்லை... பிறகு ஏன் கிட்னியைத் தாக்குகிறது நம் உடல்?

கடுமையான வயிற்றுப்போக்கு. கிட்னிக்குப் போகும் ரத்தம் குறைகிறது. நேரம் நீண்டால் ஆக்சிஜன் கிடைக்காத செல்கள் சாகின்றன. டிரிப்ஸ் ஏற்றினால் உடனே சரியாகிடும்னு நினைக்கிறீங்களா? அங்கதான் சிக்கல்.

சாகும் செல்களிலிருந்து ஹெச்எம்ஜிபி1 என்ற புரதம் கசிகிறது. பாக்டீரியாவைக் கண்டுபிடிக்க வேண்டிய டிஎல்ஆர்4 ஏற்பி, இதையும் ஆபத்து என்று எடுத்துக்கொண்டு அலாரம் அடிக்கிறது. குவியும் வெள்ளையணுக்கள், தப்பித்த செல்களையும் சேதப்படுத்துகின்றன. இந்த ஏற்பி இல்லாத சுண்டெலிகளுக்குப் பாதிப்பு குறைவு என்பது 2007-லேயே தெரிந்தது. ஆனால், இதைத் தடுக்கும் மருந்து மனிதர்களுக்கு இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.

ஆகவே, முந்திக்கொள்வதுதான் வழி. 48 மணி நேரத்தில் கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் கூடினாலே அது திடீர் சிறுநீரகப் பாதிப்பு. சிறுநீர் குறைந்தால் காத்திருக்காதீங்க; டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை போடாதீங்க.