காத்திருப்பவரின் வேதனம்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் பேஸ்பால் ஆடித் தேர்ந்த ஓர் இளைஞனை, ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் நடைபெறும் தெரிவில் நியூயார்க் யாங்கீஸ் போன்ற பெரும்புகழ் வாய்ந்த குழுவொன்று பெயர் சொல்லித் தனக்கென எடுத்துக்கொண்டால், அடுத்த வாரமே அவன் நியூயார்க் மாநகரத்து அரங்கில் ஜனசமுத்திரத்தின் முன்னிலையில் மட்டை பிடித்து நிற்பான் என்றுதான் அவ்விளையாட்டோடு பழக்கமில்லாத எவரும் எண்ணுவர். நடப்பது வேறு. முதலில் அவன் ஃபுளோரிடாவின் டாம்பா நகருக்கு அனுப்பப்படுகிறான். அங்கே தேறினால் ஹட்சன் பள்ளத்தாக்கிலுள்ள குழுவுக்கும், பிறகு நியூ ஜெர்சியின் சாமர்செட்டுக்கும், அதன் பின் பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டனுக்கும் படிப்படியாக உயர்த்தப்படுகிறான். இந்த யாத்திரை மூன்று ஆண்டுகளில் முடிந்தாலும் முடியும், எட்டு ஆண்டுகள் சென்றும் முடியாமல் நீண்டாலும் நீளும். மிகப் பெரும்பாலோருக்கு அது நியூயார்க்கைச் சேராமலே, ஏதோ ஒரு சிற்றூரில், மேலாளர் தம் அறைக்கு அழைத்துச் சொல்லும் இரண்டொரு வார்த்தைகளோடு அஸ்தமித்துவிடுகிறது. அத்தனை ஆண்டுகளும் அவன் கற்பது என்ன, அவனுக்குச் சோறு போடுவது யார், எவ்வளவு போடுகிறார்கள் என்பதையே இங்கே சொல்ல முற்படுகிறேன்.

அமெரிக்கப் பேஸ்பாலின் உச்சியில் மேஜர் லீக் என்ற பெயரால் 30 குழுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் சிங்கிள் ஏ, ஹை ஏ, டபிள் ஏ, ட்ரிபிள் ஏ என்னும் நான்கு படிகளில் நான்கு குழுக்கள், ஆக மொத்தம் 120 குழுக்கள் உண்டு; இவற்றைத்தான் மைனர் லீக் என்கிறார்கள். இவற்றுக்கும் அடியில், அரிசோனாவிலும் ஃபுளோரிடாவிலும் பயிற்சி மைதானங்களிலேயே பார்வையாளர் அதிகமின்றி நடக்கும் தொடர்களும், கரீபியன் கடலிலுள்ள டொமினிக்கன் குடியரசில் இளம் பிள்ளைகளுக்கென நடக்கும் கோடைத் தொடரும் இருக்கின்றன. 2020 வரையில் இணைப்புக் குழுக்கள் சுமார் 160 இருந்தன. பழைய உடன்படிக்கை அவ்வாண்டு காலாவதியானதும் மேஜர் லீக் நிர்வாகம் அனைத்தையும் நேரே தன் கைக்குள் கொண்டுவந்து, நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்களின் இணைப்பை அறுத்துவிட்டது. தாத்தாவும் பேரனும் ஒரே பலகையில் அமர்ந்து ஆட்டம் பார்த்துப் பழகிய ஊர்களுக்கு அது சாமானியமான இழப்பன்று.

இந்த அமைப்பின் விசேஷம் ஒன்றை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மைதானத்தைப் பராமரிப்பவரும், சீட்டு விற்பவரும், பிரயாணத்துக்கு வண்டி அமர்த்துபவரும் அந்தந்த ஊர்க் குழுவின் முதலாளி. ஆனால் ஆட்டக்காரருக்கும் பயிற்சியாளருக்கும் சம்பளம் கொடுப்பது மேலேயுள்ள தாய்க்குழு. ஆதலால் யார் ஆடுவது, எத்தனை பந்து எறிந்தபின் ஒருவன் ஓய்வெடுப்பது, எவன் எந்த இடத்தில் நின்று பழகுவது என்பவற்றையெல்லாம் தாய்க்குழுவே தீர்மானிக்கிறது. ஊர்க்குழு வெற்றியின் விளிம்பில் நிற்கும் வேளையிலும், இளம் பந்துவீச்சாளன் ஒருவன் தனக்கு விதிக்கப்பட்ட எண்ணிக்கையை எட்டிவிட்டால், அவன் எவ்வளவு அற்புதமாக எறிந்துகொண்டிருந்தாலும் மேலாளர் அவனை வெளியே அழைத்துக்கொள்வார். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, ட்ரிபிள் ஏ படியில் 150 ஆட்டங்களும் அதற்கடுத்த கீழ்ப்படியில் 138 ஆட்டங்களும், திங்கட்கிழமை ஒன்று நீங்கலாக அநேகமாக நாள்தோறும் நடைபெறுகின்றன. ஊர் மக்களின் பிரியத்தைச் சம்பாதித்துக்கொண்டவன் எவனோ அவனே பருவத்தின் நடுவில் மேற்படிக்கு எடுத்துச்செல்லப்படுவான். அந்தப் பிரிவை ஆண்டுக்காண்டு பொறுத்துக்கொண்டு, மறுநாளும் சீட்டு வாங்கி வருகிற ஜனங்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

கல்லூரி மைதானத்தில் சூரனாக விளங்கியவனுக்கு இத்தனை நீண்ட அப்பியாசம் ஏன் என்ற கேள்வி இயல்பாக எழும். கூடைப்பந்தில் உலகமே வியந்த மைக்கேல் ஜோர்டன் 1994இல் அவ்விளையாட்டை விட்டு பர்மிங்ஹாம் பாரன்ஸ் என்னும் டபிள் ஏ குழுவில் சேர்ந்து ஒரு பருவம் முழுவதும் ஆடினார். அவருடைய மட்டைச் சராசரி .202; ஆயிரம் வாய்ப்பில் இருநூற்றிரண்டு முறைதான் அடி வாய்த்தது என்பது அதன் பொருள். சுழன்று வளைந்து விழும் பந்தை, அது எறிபவன் கையைவிட்டுப் புறப்பட்டு அரை விநாடிக்குள் இனங்கண்டு அடிப்பதென்பது தேகபலத்தால் மட்டும் வருவதன்று. ஒவ்வொரு படியிலும் முன்னதைவிடத் தேர்ந்த பந்துவீச்சாளரை எதிர்கொண்டு, தோற்று, மீண்டும் தோற்று, கண்ணும் கையும் பக்குவப்பட்டு வருவது. மைக் பியாட்சா என்பவரை 1988இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் குழு 62ஆம் சுற்றில், 1,390ஆவது ஆளாக, குடும்ப நண்பர் ஒருவரின் முகதாட்சணியத்துக்காகத் தெரிவு செய்தது. முதல் பேஸில் நின்று ஆடிக்கொண்டிருந்த அவர், மட்டையாளனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் வேலையைக் கற்கும் பொருட்டு டொமினிக்கன் குடியரசிலுள்ள அக்குழுவின் பயிற்சிக்கூடத்துக்குச் சென்று, மொழி தெரியாத பிள்ளைகளோடு தங்கிப் பழகினார். 1993இல் சிறந்த புதுமுகம் என்ற விருதும், 2016இல் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடமும் பெற்றார். இன்றைய தெரிவில் சுற்றுகள் மொத்தமே 20 தான். இன்னொரு பியாட்சா இன்று வந்தால் அவர் பெயரைச் சொல்லி அழைக்க எந்தக் குழுவுக்கும் சுற்று மிச்சமிராது.

இவ்வேற்பாட்டைத் திட்டமிட்டு உண்டாக்கியவர் பிராஞ்ச் ரிக்கி. 1920களில் செயிண்ட் லூயிஸ் கார்டினல்ஸ் குழுவை நிர்வகித்த அவர், பணக்காரக் குழுக்களோடு ஏலத்தில் போட்டியிட்டுத் தேர்ந்த ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கத் தம்மிடம் பொருளில்லை என்று கண்டு, சிற்றூர்க் குழுக்களையே வாங்கி, பிள்ளைகளைச் சொற்பச் சம்பளத்தில் அமர்த்தி, தாமே வளர்த்தெடுக்கத் தலைப்பட்டார். நாற்றங்காலில் அடர்த்தியாக விதைத்து, தேறிய நாற்றை மட்டும் பறித்து நடுவது போன்ற முறை அது. 1940 வாக்கில் அவருடைய ஆளுகையில் முப்பதுக்கும் மேற்பட்ட குழுக்கள் இருந்தன. இளைஞர்களை இப்படிக் கட்டிவைத்து அவர்களுடைய உயர்வைத் தடுப்பது அநீதி என்று கருதிய பேஸ்பால் ஆணையர் லாண்டிஸ், 1938இல் கார்டினல்ஸின் பிடியிலிருந்த எழுபதுக்கும் மேற்பட்டோரை விடுவித்தார். எனினும் முறை ஒழியவில்லை. ஏனைய குழுக்களும் அதையே மேற்கொண்டன. அம்முறையின் பெருமையையும் மறைக்கலாகாது. கறுப்பர்களை அறவே ஒதுக்கி வைத்திருந்த மேஜர் லீகின் கதவைப் பின்னர் திறந்த ஜாக்கி ராபின்சனை, இதே ரிக்கி புரூக்ளின் குழுவுக்கு மாறிய பிறகு, 1946இல் முதலில் மாண்ட்ரீல் நகரத்து மைனர் குழுவில்தான் ஆடவைத்தார்.

ஒரு குழுவோடு ஒப்பந்தம் செய்தவன் வேறு குழுவுக்குப் போகும் பாத்தியதை இல்லாதவன் என்பது அக்காலத்து விதி. யாங்கீஸின் கீழ்க் குழுவொன்றில் ஆடிய ஜார்ஜ் டூல்சன் என்ற பந்துவீச்சாளர், தம்மைக் கீழ்ப்படியிலுள்ள பிங்ஹாம்டனுக்குப் போகச் சொன்னபோது மறுத்து வழக்காடினார். 1953இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஏகபோகத் தடைச் சட்டம் பேஸ்பாலைக் கட்டுப்படுத்தாது என்ற 1922ஆம் ஆண்டுத் தீர்ப்பையே நிலைநிறுத்தி, மாற்றம் வேண்டுமானால் சட்டசபை செய்யட்டும் என்று சொல்லிவிட்டது. மேஜர் லீக் ஆட்டக்காரர்கள் 1970களில் தங்கள் சங்கத்தின் வலிமையால் இத்தளையை அறுத்துக்கொண்டார்கள். கீழே இருந்தவர்களுக்குச் சங்கம் இல்லை; ஆகையால் விமோசனமும் இல்லை.

சம்பளத்தின் கதையை இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்கவேண்டும். தெரிவின் போது கையெழுத்திடுவதற்கென ஒரு தொகை தரப்படுகிறது. 2023இல் முதலாவதாகத் தெரிவு செய்யப்பட்ட பந்துவீச்சாளர் பால் ஸ்கீன்ஸுக்கு பிட்ஸ்பர்க் குழு 92 லட்சம் டாலர் கொடுத்தது. கடைசிச் சுற்றுகளில் வரும் கல்லூரி இறுதியாண்டு மாணவனோ சில ஆயிரம் டாலரோடு திருப்தியடைய வேண்டியிருக்கும். முதல்வன் அப்பணத்தை வங்கியில் போட்டுவிட்டு நிம்மதியாக ஆடலாம்; மற்றவன் மாதச் சம்பளத்தையே நம்பி ஜீவிக்க வேண்டும். அந்தச் சம்பளம் 2020 வரையில் சிங்கிள் ஏ படியில் வாரத்துக்குக் குறைந்தபட்சம் 290 டாலர், டபிள் ஏ படியில் 350, மேஜர் லீகுக்கு அடுத்த வாசலான ட்ரிபிள் ஏ படியில் 502. அதுவும் ஆட்டப்பருவத்துக்கு மட்டுமே. வசந்தகாலப் பயிற்சி வாரங்களில் படிச்செலவு உண்டு, சம்பளம் கிடையாது. குளிர்காலத்தில் அதுவும் இல்லை. ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தரையில் மெத்தை விரித்துப் படுப்பதும், ஊரிலுள்ள தயாளகுணமுள்ள குடும்பங்கள் தங்கள் வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுப்பதும், பருவம் முடிந்ததும் கிட்டங்கியில் மூட்டை சுமக்கவும் கடைகளில் ஏவல் செய்யவும் போவதும் சர்வசாதாரணமாயிருந்தன. தேகத்தையே மூலதனமாகக் கொண்ட தொழிலில், அத்தேகத்துக்கு நல்ல ஆகாரமும் உறக்கமும் கிடைக்காதபடி செய்துவிட்டு, அதற்குப் பயிற்சி என்று பெயர் சூட்டியிருந்ததை என்னால் ஒருபோதும் நியாயமென்று ஒப்புக்கொள்ள இயலவில்லை.

இந்நிலையை எதிர்த்து 2014இல் முன்னாள் ஆட்டக்காரர் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களுக்காக வாதாடியவர் காரெட் புரோஷுயிஸ். தாமே சில ஆண்டுகள் மைனர் லீகில் பந்து வீசிப் பின் சட்டம் பயின்றவர். வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே, 2018 மார்ச்சில், இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு செலவின மசோதாவுக்குள் சில பக்கங்கள் நுழைக்கப்பட்டன: பருவகாலத்தில் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கான குறைந்தபட்சக் கூலியைக் கொடுத்துவிட்டால், அதற்கு மேல் எத்தனை மணி நேரம் வேலை வாங்கினாலும் மைனர் லீக் ஆட்டக்காரனுக்கு எதுவும் தரவேண்டியதில்லை என்பது அவற்றின் சாரம். தேசத்தின் விளையாட்டைக் காப்பாற்றும் சட்டம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஆனாலும் வழக்கு தள்ளுபடியாகாமல் நிலைத்து நின்றது. பயிற்சிக் காலத்திலும் அவர்கள் ஊழியர்களே என்று 2022இல் நீதிபதி தீர்ப்பளித்தபின், மேஜர் லீக் 18.5 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அதே ஆண்டில் ஆட்டக்காரர்களுக்கு உறைவிடம் தருவது குழுக்களின் கடமையாயிற்று. செப்டம்பரில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மைனர் லீக் ஆட்டக்காரர்கள் மேஜர் லீக் ஆட்டக்காரர்களின் சங்கத்திலேயே சேர்ந்தார்கள். 2023 மார்ச் இறுதியில் முதல் கூட்டு ஒப்பந்தம் உருவாயிற்று.

அதன்படி ஆண்டுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் ட்ரிபிள் ஏ படியில் 17,500 டாலரிலிருந்து 35,800க்கும், டபிள் ஏ படியில் 13,800லிருந்து 30,250க்கும், சிங்கிள் ஏ படியில் 11,000லிருந்து 26,200க்கும், பயிற்சி மைதானத் தொடர்களில் 4,800லிருந்து 19,800க்கும் உயர்ந்தது. 19 வயதிலோ அதற்குப் பிறகோ கையெழுத்திடுபவனைக் குழு கட்டிவைக்கக்கூடிய காலம் ஏழு ஆண்டிலிருந்து ஆறாகக் குறைந்தது. பதிலுக்கு, ஒவ்வொரு குழுவும் உள்நாட்டில் வைத்துக்கொள்ளும் மைனர் லீக் ஆட்டக்காரரின் உச்ச வரம்பை 180லிருந்து 165ஆகக் குறைக்கச் சங்கம் இணங்க நேர்ந்தது. இத்தொகைகள் அமெரிக்க விலைவாசியில் பெருந்தொகையல்ல. அதே 2023இல் மேஜர் லீகின் கடைசி ஆட்டக்காரனுக்கும் குறைந்தபட்சம் 7,20,000 டாலர் என்பதை அருகில் வைத்துப் பார்த்தால் இடைவெளி விளங்கும்.

மேலே போனால் லட்சக்கணக்கில் கிடைக்கப்போகிறதே, அதுவரை கஷ்டப்பட்டாலென்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஐயாயிரம் பேர் காத்திருக்கும் இவ்வமைப்பின் மேல்தளத்தில் இடம் 780 பேருக்குத்தான், அதாவது குழுவுக்கு 26 பேர். ஏறாதவர்கள் வீணாகப் போனவர்களும் அல்லர். ஒருவனைப் பந்துவீச்சாளனாகப் பழக்க வேண்டுமானால் அவன் எதிரில் மட்டை பிடிக்க ஒருவனும், பின்னால் நின்று பந்தைத் தடுக்க எழுவரும், எறிந்ததைப் பிடிக்க ஒருவனும் வேண்டும். அவர்களில் எவரும் மேலே போகாவிட்டாலும் அவர்கள் செய்த வேலை வேலைதான். 1981 ஏப்ரல் 18 இரவு, ரோட் ஐலண்டின் பாட்டக்கெட் நகரில் அவ்வூர்க் குழுவும் ராச்செஸ்டர் குழுவும் மோதிய ஆட்டம் முடிவு காணாமல் 32 இன்னிங்ஸ் நீண்டு, ஈஸ்டர் ஞாயிறு அதிகாலை நான்கு மணிக்குப் பிறகு நிறுத்தப்பட்டது. குளிர் தாங்காமல் ஆட்டக்காரர்கள் உடைந்த மட்டைகளைக் கொளுத்திக் காய்ந்தார்கள். எஞ்சியிருந்த பார்வையாளர் 19 பேர். ஜூனில் மீண்டும் தொடங்கி 33ஆவது இன்னிங்ஸில் அது முடிந்தது. அன்று ஆடியவர்களில் கால் ரிப்கனும் வேட் பாக்ஸும் பின்னர் புகழ் மண்டபம் சேர்ந்தார்கள். ஆனால் வெற்றியைத் தந்த அடியை அடித்தவர் டேவ் கோசா. அவர் மேஜர் லீகில் ஓர் ஆட்டமேனும் ஆடியதில்லை. அந்த நீண்ட இரவில் ரிப்கன் உழைத்த உழைப்புக்கும் கோசா உழைத்த உழைப்புக்கும் எந்தத் தராசில் வித்தியாசம் காணமுடியும்?

இந்தியர் இருவரும் இந்த வழியில் நடந்திருக்கிறார்கள். ஈட்டி எறிந்து பழகிய உத்தரப் பிரதேசத்து இளைஞர்களான ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும், 2008இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியின் மூலம் பிட்ஸ்பர்க் குழுவோடு ஒப்பந்தமானார்கள். அவர்கள் கதையைக் கொண்டு 2014இல் வெளிவந்த திரைப்படத்துக்கு இசையமைத்தவர் நம் ஏ. ஆர். ரஹ்மான். தினேஷ் 2010இல் விடுவிக்கப்பட்டார். ரிங்கு தோளும் முழங்கையும் நொந்தும் பல ஆண்டுகள் முயன்றார். இருவரும் கீழ்ப்படிகளைத் தாண்டவில்லை.

டொமினிக்கன் குடியரசின் கோடைத் தொடரில் ஆடுகிற பிள்ளைகளுக்கு 2023ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இடம் கிடைக்கவில்லை. பதினாறு வயதில் கையெழுத்திடும் நம்பிக்கையில் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, தங்களைப் பழக்கிய தரகருக்குக் கையெழுத்துத் தொகையில் ஒரு பங்கையும் கொடுத்து வருகிறவர்கள் அவர்கள். மேஜர் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் பலரை அந்தச் சிறு நாடு ஈந்திருக்கிறது. இப்போதைய ஒப்பந்தம் 2027ஆம் ஆண்டோடு முடிகிறது. அப்போது சங்கமும் முதலாளிகளும் மறுபடி எதிரெதிரே அமரும்போது, முதலில் பேசவேண்டியது அந்தப் பிள்ளைகளின் சம்பளத்தையும் படிப்பையும் பற்றித்தான் என்பது என் உறுதியான கருத்து.